துரை திறந்த வாசல், உபதேசியார் நடந்த வழி: மடுல்கெல்லப் பகுதியும் தமிழ்க் கூலி மிஷன் ஊழியரின் அன்றாடமும்

1. களமும் கேள்வியும்

கண்டியிலிருந்து மடவளை, வத்தேகம, பன்விலை வழியாக ஏறிச்செல்லும் பாதை நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மடுல்கெல்லவைத் தொடுகிறது. இன்று தேயிலை நிற்கும் இந்தச் சரிவுகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பி நின்றது. அக்காலத் தோட்டக்காரர்களின் கையேடுகளில் கலேபொக்க, நக்கிள்ஸ் என்பவை தனித்தனிக் கோப்பி மாவட்டங்களாகவே குறிக்கப்பட்டன. காட்டை வெட்டியவர்களுள் சிங்களக் கிராமத்தவரும் உண்டு. கன்று நட்டு, களை பிடுங்கி, பழம் பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால், அதே கடலைக் கடந்து, திருநெல்வேலியிலிருந்து இன்னொரு சிறு கூட்டமும் வந்தது. கையில் வேதப்புத்தகமும் கீர்த்தனைப் புத்தகமும் வைத்திருந்த உபதேசியார்கள் அவர்கள்.

அயல்நாட்டில் மதப்பணி செய்யப் போன ஒருவரின் ஒரு நாள் எப்படிக் கழிந்தது, அந்த நாளின் நேரங்களை வகுத்தவர் யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மிஷன் வரலாறுகள் பெரும்பாலும் ஞானஸ்நானக் கணக்கிலும் கோயில் கட்டிய ஆண்டிலும் நின்றுவிடுகின்றன. சந்தா கொடுத்தவர்களுக்காக எழுதப்பட்ட அறிக்கைகளை நம்பி எழுதியதால் வந்த குறை இது. தோட்டத்து நாளின் ஒழுங்கை நாம் நன்றாக அறிவோம். தப்பு அடிப்பது, பிரட்டு எனும் காலை அணிவகுப்பு, மலைக்குப் போவது, அந்தியில் குடியிருப்பான லயம் திரும்புவது என எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. அந்த ஒழுங்கின் இடைவெளிகளில் உபதேசியாரின் வேலையைப் பொருத்திப் பார்த்தால், அறிக்கைகள் சொல்லாத பலவும் தெரியவரும். இக்கட்டுரை செல்லும் வழி அதுதான்.

வெளிநாட்டு ஊழியம் எதுவானாலும் அது நிலைக்க மூன்று வேண்டும்: பேச ஒரு மொழி, உண்ண ஒரு சோறு, நுழைய ஒரு வாசல். இந்த மூன்றையும் யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் ஊழியத்தின் தன்மை விளங்கும். கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களில் மொழி உபதேசியாருடையது, சோறு தோட்டக்காரர்களின் சந்தாப் பணம், வாசல் துரையினுடையது. அங்கே வெளிநாட்டு மிஷனரி என்று அழைக்கப்பட வேண்டியவர் திருநெல்வேலி உபதேசியாரே என்பது என் துணிபு. ஆங்கிலேயக் குருமாரைப் போலவே அவரும் தம் ஊரை விட்டு வந்தவர். ஆனால் வரலாற்று நூல்கள் அவரை உதவியாள் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட்டன.

2. அரசன் திறந்த வாசல்

கண்டிக்கு வந்த அயல்நாட்டு ஊழியரின் வரிசை கோப்பிக்கு முன்பே தொடங்கிவிட்டது. கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகள் 1687ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தார். கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலம் அது. பிச்சைக்காரரைப் போல உடுத்தி, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களைத் தேடிப் போனார். கொங்கணி பேசிப் பிறந்தவர், இங்கே தமிழைக் கற்றார், பின்பு சிங்களத்தையும் கற்றார். 1692ஆம் ஆண்டில் கண்டிக்குள் நுழைந்தபோது போர்த்துக்கேயரின் ஒற்றன் என்ற ஐயத்தில் சிறைவைக்கப்பட்டார். அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனின் நம்பிக்கையைப் பெற்றபின் அந்தச் சிறையே அவருடைய ஊழியக் களமாயிற்று. 1697ஆம் ஆண்டில் கண்டியில் பெரியம்மை பரவியது. தீண்ட அஞ்சிக் கைவிடப்பட்ட நோயாளிகளைத் தம் கையால் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களைப் புதைத்தார். அவர் 1711ஆம் ஆண்டில் கண்டியிலேயே காலமானார். 2015ஆம் ஆண்டு சனவரியில், கொழும்பு காலிமுகத்திடலில், திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

வாஸ் அடிகளுக்கு வாசலைத் திறந்தவன் அரசன். சோறு இட்டவர்கள் மறைந்து வாழ்ந்த விசுவாசிகள். மொழியை மட்டும் அவரே தேடிக்கொண்டார். 1705ஆம் ஆண்டில் வந்துசேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி அந்தத் தேட்டத்தை இன்னும் ஆழப்படுத்தினார். மேலிடத்துப் பணமோ படைபலமோ இல்லாமல் நடந்த இந்த ஊழியம், பின்னால் வரும் தோட்ட மிஷனோடு ஒப்பிட மிகவும் பயன்படும்.

3. 1853: மூன்றும் இல்லாத ஒரு முயற்சி

கோப்பித் தோட்டங்களில் மிஷன் தொடங்குவதற்குச் சற்று முன், அமெரிக்காவின் ஊட்டா நிலப்பகுதியிலிருந்து மார்மன் ஊழியர் இலங்கைக்கு வந்தனர் என்பதைத் தமிழில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. பிற்காலப் பரிசுத்தர்களின் இயேசு கிறிஸ்து சபை 1852ஆம் ஆண்டு ஆகஸ்டில் சால்ட் லேக் நகரத்தில் ஒரு மாநாடு கூட்டி, உலகின் பல மூலைகளுக்கும் ஊழியரை நியமித்தது. இந்தியாவுக்கும் சயாமுக்கும் என்று குறிக்கப்பட்டவர்கள் 1853ஆம் ஆண்டு ஏப்ரலில் கல்கத்தாவில் இறங்கினர். பர்மாவில் நடந்த போரினால் சயாமுக்குப் போக வழியின்றி, சோன்சி வெஸ்ட், பெஞ்சமின் டூயி என்ற இருவர் இலங்கை நோக்கித் திரும்பினர். இங்கே அவர்களால் ஒரு சபையை நிறுவ முடியவில்லை. பம்பாய்க்குப் போய்விட்டனர். சென்னைக்குப் போன ரிச்சர்ட் பாலன்டைன் ஒரு மாத இதழை அச்சிட்டார், ஒரு சிறு சபையையும் சேர்த்தார். 1854இல் அவரும் ஊர் திரும்பினார்.

பணப்பை இல்லாமல் போக வேண்டும், கேட்பவர் வீட்டிலேயே உண்டு உறங்க வேண்டும் என்பது அக்கால மார்மன் ஊழியத்தின் விதி. அமெரிக்கக் கிராமங்களில் அது நடந்தது. இங்கே ஆங்கிலம் பேசும் வீடுகள் எல்லாம் அதிகாரிகள், வணிகர்கள், படையினர் ஆகியோரின் வீடுகள். பலதார மணத்தை அச்சபை வெளிப்படையாக அறிவித்ததும் அதே 1852 ஆகஸ்டில்தான். அந்தச் செய்தி ஊழியருக்கு முந்திக்கொண்டு துறைமுகங்களில் இறங்கியிருந்தது. வந்தவர்கள் மனவுறுதி குறைந்தவர்கள் அல்லர். குடும்பத்தை விட்டு, பாய்மரக் கப்பலில் பசிபிக்கைக் கடந்து வந்தவர்களை அப்படிச் சொல்ல முடியாது. மொழி, சோறு, வாசல் ஆகிய மூன்றில் ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே அந்தத் தோல்வியின் காரணம்.

4. தமிழ்க் கூலி மிஷன்

4.1 பணமும் பொறுப்பும்

மார்மன் ஊழியர் வந்த அடுத்த ஆண்டிலேயே, 1854இல், கண்டிப் பகுதித் தோட்டக்காரர்களும் சர்ச் மிஷனரி சங்கமும் சேர்ந்து தமிழ்க் கூலி மிஷனைத் தொடங்கினர். பெயரில் உள்ள இழிவு இன்று நம்மைச் சுடுகிறது. ஆவணங்களில் அது அப்படியே இருப்பதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன். அச்சங்கம் இலங்கைக்குப் புதியதன்று. 1818இல் அதன் முதல் நால்வர் வந்தபோதே ஒருவர் கண்டிக்கு அனுப்பப்பட்டிருந்தார். புதியது ஏற்பாட்டில் இருந்தது. மேற்பார்வை செய்யும் ஐரோப்பியக் குருவின் செலவைச் சங்கம் ஏற்றது. உபதேசியார்களின் சம்பளத்தைத் தோட்டக்காரர்கள் சந்தாவாகத் தந்தனர். அந்தத் தோட்டக்காரர்களில் இங்கிலாந்துத் திருச்சபையார் இருந்தனர், பிரஸ்பிட்டேரியன் மரபைச் சேர்ந்த ஸ்கொத்லாந்தியரும் ஏராளமாக இருந்தனர். பல சபையாரின் பணம், ஒரு சபையின் மேற்பார்வை என்ற இந்தக் கலப்பு பின்னால் பெரிய பூசலுக்கு வித்திட்டது.

தோட்டக்காரர் ஏன் பணம் தந்தார்கள்? பக்தி ஒரு காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. அவர்களில் சிலர் தம் தொழிலாளரின் ஆன்மாவைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்டவர்கள். அடங்கிய, குடிக்காத, ஊர் ஓடாத உழைப்பாளர் கிடைப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு மற்றொரு காரணம். வடக்குப் பாதையில், மன்னாரிலிருந்து தம்புள்ள, மாத்தளை வழியாக நடந்து வந்தவர்கள் காலராவாலும் பசியாலும் வழியெங்கும் மடிந்ததை அந்தக் காலத்தவர் எல்லோரும் அறிந்திருந்தனர். அதைத் தடுக்கப் போதிய பணம் செலவிடாத ஒரு வர்க்கம் உபதேசியாரின் சம்பளத்துக்குச் சந்தா தந்தது. இதை மனத்தில் வைத்தே அந்த ஈகையை எடைபோட வேண்டும்.

4.2 உபதேசியார் யார்

திருநெல்வேலியில் ரேனியஸ் என்ற மிஷனரியின் காலத்திலிருந்தே வளர்ந்து வந்தது உபதேசியார் முறை. குருப்பட்டம் பெறாத ஒருவர் ஊரில் தங்கி, வேதம் வாசித்து, ஜெபம் நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்து, சண்டையைத் தீர்த்து, சாவு வீட்டில் நிற்பார். கிறிஸ்தவக் கிராமத்தின் முதுகெலும்பு அவர். கண்டியில் மிஷன் தொடங்கிய அதே 1854இல் ராக்லாந்து என்ற மிஷனரி வடதிருநெல்வேலியில் கூடாரம் போட்டு ஊர்ஊராகச் செல்லும் ஊழியத்தைத் தொடங்கினார். தென்பகுதிச் சபைகள் அதற்கு உபதேசிமாரை முறைவைத்து அனுப்பின. ஆக, ஆள் அனுப்பும் பழக்கமும் தெம்பும் அந்தச் சபைகளுக்கு ஏற்கெனவே வந்திருந்தன. இலங்கைத் தோட்டங்களுக்கு அவர்கள் வந்தது அந்தத் தெம்பின் நீட்சி. தொடக்கக் கால மேற்பார்வையாளரான செப்டிமஸ் ஹோப்ஸ் என்ற குருவும் திருநெல்வேலியில் ஊழியம் செய்திருந்தவரே.

தோட்டத்தில் உபதேசியாரின் இடம் இக்கட்டானது. அவருக்கு எழுத்துத் தெரியும், வெள்ளை வேட்டி உடுத்துவார், துரையின் பங்களாவுக்குப் போய் நின்று பேசக்கூடியவர். லயத்தில் இருப்பவர் கண்ணுக்கு அவர் கணக்கப்பிள்ளை பக்கத்து ஆள். துரையின் கண்ணுக்கோ அவரும் ஒரு கறுப்பர், சந்தாப் பட்டியலில் ஒரு செலவு. சாதி இடைவெளி வேறு இருந்தது. கோப்பிக் காட்டுக்கு வந்தவர்களில் பெரும் பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர். திருநெல்வேலித் திருச்சபையில் அன்று எண்ணிக்கையில் மேலோங்கியிருந்தவர்கள் நாடார். ஒரே கர்த்தரை அறிவிக்க வந்தவர் எந்தக் காம்பராவில் தண்ணீர் வாங்கிக் குடித்தார் என்பது சிறு கேள்வி அன்று. அதற்கான பதில் அறிக்கைகளில் இல்லை. ஆனால் லயத்தில் உள்ளவர்கள் அவரை எடைபோட்டது பிரசங்கத்தால் அல்ல, அந்தத் தண்ணீரால்தான் என்று நான் நம்புகிறேன்.

4.3 பிரட்டுக் களம்

விடியுமுன் தப்பு அடிக்கும். ஆண்களும் பெண்களும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிரட்டுக் களத்துக்கு வருவார்கள். கங்காணிமார் தம்தம் ஆட்களை நிறுத்துவார்கள். துரையோ வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவோ வந்து, எந்த மலையில் எத்தனை பேர், முள்ளு வேலைக்கு எத்தனை பேர், களைக்கு எத்தனை பேர் என்று பிரிப்பார். நேரம் தப்பி வந்தால் அரைப்பேர். அதாவது அன்றைய கூலியில் பாதி போயிற்று.

தோட்டத்து மக்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கும் நேரம் நாளில் இது ஒன்றே. மிஷன் அதைப் பற்றிக்கொண்டது. துரையின் அனுமதியோடு, வேலை பிரிப்பதற்கு முன்போ பின்போ, குருவோ உபதேசியாரோ சில நிமிடம் பேசுவது இந்த மிஷனின் நிலைத்த வழக்கமாயிற்று. ஆட்களைத் திரட்ட வேறு முயற்சி வேண்டியதில்லை. தொழில் ஒழுங்கே அவர்களைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

இந்த வசதியே அந்த ஊழியத்தின் மிகப் பெரிய பலவீனம். பிரட்டில் நிற்பவருக்கு விலகிப் போகும் உரிமை இல்லை. பேர் போடும் அதே களத்தில், பேர் போடும் அதே ஆளின் பக்கத்தில் நின்று பேசப்படும் சொல் எதுவாயினும், அதில் உத்தரவின் ஓசை கலந்தே இருக்கும். அன்பைப் பற்றிப் பேசினாலும் அப்படித்தான். மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்து நிற்கும் ஒரு கிழவி அந்தச் சொல்லைக் கேட்டிருப்பாள், தலையாட்டியும் இருப்பாள். அந்தத் தலையாட்டலை அறிக்கை எழுதியவர்கள் ஆவலோடு கேட்டதாகக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

4.4 பகலும் அந்தியும்

பிரட்டு கலைந்தபின் உபதேசியாரின் நாள் நீண்டு கிடக்கும். மலையில் வேலை நடக்கும்போது ஆட்களிடம் பேச முடியாது. கங்காணி பொறுக்க மாட்டார், துரையும் பொறுக்க மாட்டார். ஆகவே பகலில் இரண்டு வேலைகள். ஒன்று நடை. அவருடைய பொறுப்பில் ஒரு தோட்டம் மட்டும் இருந்ததில்லை. பல தோட்டங்கள் சேர்ந்த ஒரு வட்டம் இருந்தது. மடுல்கெல்லப் பக்கத்து நிலத்தை அறிந்தவருக்கு அந்த நடை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு தோட்டத்திலிருந்து எதிரே தெரியும் தோட்டத்துக்குப் போக, ஆற்றுப் பள்ளம்வரை இறங்கி மறுபடி ஏற வேண்டும். வடகீழ்ப் பருவமழையில் பாதை வழுக்கும், அட்டை ஏறும், ஓடை பெருகினால் அன்று அந்தப் பக்கமே தங்க வேண்டும். மேற்பார்வைக் குருவுக்குக் குதிரை உண்டு. உபதேசியாருக்குக் கால்தான்.

மற்றொன்று, வேலைக்குப் போகாதவர்களைக் காண்பது. காய்ச்சலில் கிடப்பவர், பிள்ளை பெற்றவள், கண் மங்கிய கிழவர், சிறு பிள்ளைகள். பகலில் லயத்தில் இருப்பவர்கள் இவர்களே. தோட்டத்து எழுத்தறிவின் வரலாறு இந்தப் பகல் வேளையிலேயே தொடங்குகிறது. மணலில் விரலால் எழுதிய அ, ஆவுக்கு அரசாங்கம் பணம் தரத் தொடங்குமுன், சட்டம் வருமுன், லயத்து வாசலில் பிள்ளைகளைக் கூட்டி வைத்தவர்களுள் உபதேசியார் முக்கியமானவர். ஊரிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லவும் பதில் எழுதவும் கணக்கப்பிள்ளையை விட்டால் அவர்தான் இருந்திருப்பார். கடன் எவ்வளவு என்று கங்காணி சொல்லுவதையே நம்ப வேண்டியிருந்த ஒருவருக்கு, எழுத்துத் தெரிந்த வெளியாள் பக்கத்தில் இருப்பது எத்தனை பெரிய துணை! உபதேசியார் அந்தத் துணையாக நின்றாரா, ஒதுங்கிக்கொண்டாரா என்பது ஆளுக்கு ஆள், தோட்டத்துக்குத் தோட்டம் மாறியிருக்கும்.

அந்தியில் லயம் நிறையும். அடுப்புப் புகைக்கு நடுவே, ஒரு காம்பராவின் திண்ணையில், விளக்கு வைத்து ஜெபக் கூட்டம். திருநெல்வேலியிலிருந்தே கிறிஸ்தவராக வந்தவர்கள் தோட்டங்களில் இருந்தனர். மிஷனின் உண்மையான சபை முதலில் அவர்களே. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் அப்போது தென்னாட்டுக் கிறிஸ்தவரின் வாயில் ஊறியிருந்தன. காலையில் உத்தரவின் களத்தில் பேசியவர் அந்தியில் கேட்க விரும்பி வந்தவர்களோடு பாடினார். எதிர் லயத்தில் அதே நேரம் பொன்னர் சங்கர் கதையோ காமன் கூத்துக்கு ஒத்திகையோ நடந்துகொண்டிருக்கும். அங்கே போவதற்கும் இங்கே வருவதற்கும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இந்த அந்திக் கூட்டத்தையே நான் அந்த மிஷனின் மெய்யான ஊழியம் என்று மதிக்கிறேன்.

4.5 குருவின் சுற்று

ஐரோப்பியக் குரு வட்டம் வட்டமாகக் குதிரையில் சுற்றுவார். இரவு துரையின் பங்களாவில் தங்கல், விடியலில் பிரட்டுப் பேச்சு, பின் அடுத்த தோட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டக்காரருக்கு ஆங்கில ஆராதனையும் நடத்துவார். லயத்தில் இருந்தவர்களின் கண்ணுக்கு அவர் துரையின் விருந்தாளி. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்தப் பார்வையை மாற்ற முடிந்திருக்காது.

5. வாசலின் விலை

கொழும்பின் ஆயராக ரெஜினால்ட் கொப்பிள்ஸ்டன் வந்தபோது அவருக்கு வயது முப்பதைச் சுற்றி. தோட்டப் பகுதிகளில் தம் ஆளுகைக்கு உட்படாத ஒரு மிஷன், பல சபையாரின் பணத்தில், தம் திருச்சபையின் பெயரில் நடப்பதை அவர் ஏற்கவில்லை. 1876இல் சங்கத்தின் குருமாரிடமிருந்து உரிமங்களையே திரும்பப் பெற்றார். இங்கிலாந்தின் பேராயர்கள்வரை போன அந்த வழக்கு 1880இல்தான் சமரசமாயிற்று.

இப்பூசலைப் பற்றி அக்காலத்தில் எழுதப்பட்டவை ஏராளம். ஆயரின் அதிகாரம், சங்கத்தின் சுதந்திரம், தோட்டக்காரரின் உரிமை என எல்லாம் அலசப்பட்டன. உபதேசியார்களிடமோ லயத்துக் கிறிஸ்தவர்களிடமோ யாரும் கருத்துக் கேட்டதாக அந்த விவாதத்தில் தெரியவில்லை. ஊழியம் அவர்களால் நடந்தது, வழக்கு அவர்களுக்கு மேலே நடந்தது. துரையின் வாசலுக்கு அப்பால் கங்காணியின் வாசலும் ஒன்று இருந்தது என்பதை அந்த வழக்காளிகள் அறிந்தார்களா என்பதே ஐயம். பெரிய கங்காணி தொழிலாளருக்குக் கடன் கொடுத்தவர், பெரும்பாலும் உறவினர், கோயில் திருவிழாவின் தலைவர். அவருடைய குழுவில் ஒருவன் மதம் மாறினால் பந்தி மாறும், பெண் கொடுத்தல் மாறும், திருவிழா வரி மாறும். அதனால் துரை திறந்துவிட்ட கதவைக் கங்காணி சத்தமில்லாமல் சாத்தினார். மலையகத்துத் தோட்ட மக்கள் பெரும்பான்மையாக இந்துக்களாகவே நிலைத்ததற்கு இந்த இரண்டாம் வாசலைக் கணக்கில் எடுக்காமல் விளக்கம் சொல்ல முடியாது.

6. கோப்பி போய்த் தேயிலை வந்தபின்

கோப்பிப் பருவம் ஆண்டின் கடைசி மாதங்களில் உச்சம் பெறும். பழம் பறித்து முடிந்ததும் கணிசமானோர் ஊர் திரும்புவார்கள். எனவே உபதேசியார் ஒரு பருவத்தில் சேர்த்த கூட்டம் அடுத்த பருவத்தில் கலைந்திருக்கும். புது முகங்களோடு மீண்டும் தொடக்கம். ஆற்று மணலில் கோலம் போடுவது போன்ற உழைப்பு அது. 1869இல் ஹெமிலியா என்ற இலைநோய் இலங்கைக் கோப்பியில் கண்டறியப்பட்டது. இருபது ஆண்டுக்குள் கோப்பி அழிந்தது. கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும், அதுவும் பெண்கள் வேண்டும். குடும்பங்கள் நிலைத்துத் தங்கின. பிள்ளைகள் லயத்திலேயே பிறந்தனர். ஊழியத்தின் நாளும் அதோடு மாறியது. நடையும் பிரட்டுப் பேச்சும் பின்னுக்குப் போய், பள்ளிக்கூடமும் நிலையான சபையும் முன்னுக்கு வந்தன. 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தரும் பொறுப்பைத் தோட்டங்களின் மேல் வைத்தது. அதுவரை உபதேசியார் தம் பகலில் செய்துவந்ததைச் சட்டம் அப்போதுதான் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டது.

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஓர் ஊழியம் கிளம்பியது. யாழ்ப்பாணத் தமிழ்க் கிறிஸ்தவ மாணவர் தம் சொந்தப் பணத்தில் தமிழ்நாட்டின் தொண்டிக்கு ஊழியரை அனுப்பினர். 1902இல் யாழ்ப்பாணம் வந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அதைக் கண்டு நெகிழ்ந்தார். அடுத்த ஆண்டில் திருநெல்வேலியில் இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. அந்தச் சங்கம் தன் பணம், தன் ஆள் என்ற கொள்கையில் நின்றது. கண்டிச் சீமைத் தோட்டங்களுக்கு அரை நூற்றாண்டாக ஆள் அனுப்பியும் பணம் பிறர் கையில் இருந்த அனுபவத்தைத் திருநெல்வேலி அதற்கு முன்பே பெற்றிருந்தது. இந்த இரண்டையும் இணைத்து ஆராய்ந்தவர் இல்லை என்பது வருந்தத்தக்கது.

7. இக்கால ஒப்பீடு ஒன்று

1853இல் தோற்றுத் திரும்பிய மார்மன் சபை இன்று ஆயிரக்கணக்கான இளைஞரை உலகெங்கும் அனுப்புகிறது. ஆண்கள் இரண்டு ஆண்டு, பெண்கள் ஒன்றரை ஆண்டு. 2012இல் வயதெல்லை தளர்த்தப்பட்டு ஆண்கள் பதினெட்டிலேயே புறப்படலாம் என்றாயிற்று. பொதுவாகக் காலை ஆறரைக்கு எழுந்து, படித்து, வெளியே போய், இரவு பத்தரைக்கு விளக்கணைக்கும் கட்டான நாள். தனியாக எங்கும் போகக் கூடாது, இணையாள் எப்போதும் உடனிருக்க வேண்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை ஊரும் இணையாளும் மாறலாம். பணப்பை இல்லாத பயணம் என்ற பழைய விதி போய்விட்டது. ஊழியரும் அவர் குடும்பமும் மாதாமாதம் ஒரு தொகையைச் செலுத்துகின்றனர். அத்தொகை ஒரே நாட்டிலிருந்து போகும் ஊழியருக்கு ஒரே அளவாக வைக்கப்பட்டுள்ளது. 2019 முதல் வாரம் ஒருமுறை வீட்டாரோடு பேசலாம். மொழியைப் பயிற்சி நிலையம் கற்பிக்கிறது, வாசலை நுழைவிசைவு திறக்கிறது. 1853இல் இல்லாதிருந்த மூன்றும் இன்று ஓர் அமைப்பின் கையில் ஒழுங்காக இருக்கின்றன.

உபதேசியாரோடு வைத்துப் பார்க்கும்போது இரண்டு வேறுபாடுகள் என்னை உறுத்துகின்றன. இளம் மார்மன் ஊழியருக்குத் திரும்பும் நாள் புறப்படும்போதே தெரியும். கல்லூரியும் திருமணமும் அவருக்காக ஊரில் காத்திருக்கின்றன. உபதேசியாருக்கு அப்படி ஒரு நாள் குறிக்கப்படவில்லை. மனைவி மக்களோடு வந்தவர் பலர் இங்கேயே மண்ணாயினர். அடுத்தது இணையாள். சோர்வையும் ஐயத்தையும் பகிர ஒருவரைக் கட்டாயமாகக் கூட வைக்கும் மார்மன் ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். மழைபெய்யும் மலையில் ஒற்றையாக நடந்த உபதேசியாருக்கு அந்தத் துணை இல்லை. அவர் மனத்தில் இருந்ததைக் கேட்க மேற்பார்வைக் குரு எப்போதாவது வருவார், அவரும் சம்பளத்துக்கு உத்தரவு எழுதுபவர்.

8. பதிவேடுகள்

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையோ தந்தைவழி முன்னோரோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. 150,000 பேரின் கதி பின்னால் பார்த்துக்கொள்ளப்படும் என்றது. உபதேசியார் வழிவந்த குடும்பங்களும் சட்டத்தின் முன் அதே இந்திய வம்சாவளிப் பட்டியலில்தான் நின்றன. மேற்பார்வைக் குருமாரின் வழிவந்தோர்க்கு இப்படி ஒரு கேள்வி எழவே இல்லை.

பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத தோட்டங்களில், ஒரு குடும்பத்தின் பெயரும் இடமும் நாளும் எழுத்தில் நிற்கும் பழைய சான்றாக ஞானஸ்நானப் பதிவேடு அமையக்கூடும். ஆங்கிலிக்கன் பதிவேட்டின் வழக்கமான கட்டங்கள் இவை: நாள், பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், இருப்பிடம், தகப்பன் தொழில், திருமுழுக்குக் கொடுத்தவர். இருப்பிடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயர் வரும். கடைசிக் கட்டத்தில் பட்டம் பெற்ற குருவின் கையொப்பம் வரும். அந்தக் குடும்பத்துக்கு மாதக்கணக்கில் வேதம் சொல்லி, எழுத்துக் கற்பித்து, திருமுழுக்குக்குக் கொண்டுவந்து நிறுத்திய உபதேசியாரின் பெயருக்கு அதில் கட்டமே இல்லை.

அந்தப் பெயர்களை மீட்க இன்னும் வழி உண்டு. கண்டிப் பகுதிக் கோயில்களின் பதிவேடுகள், மிஷனின் ஆண்டறிக்கைகளில் உள்ள சந்தாப் பட்டியல்கள், திருநெல்வேலிச் சபைகளின் அனுப்புகைக் குறிப்புகள் ஆகிய மூன்றையும் தோட்டம் தோட்டமாக எதிரெதிரே வைத்து ஒப்பிட வேண்டும். பன்விலை, மடுல்கெல்ல, கலேபொக்க வட்டத்தை முதல் களமாக எடுக்கலாம். தோட்டங்கள் நெருங்கியிருக்கின்றன, பெயர்கள் பெரிதும் மாறவில்லை, கண்டியிலிருந்து ஒரு பகலில் போய்த் திரும்பலாம். பூச்சி அரித்துக்கொண்டிருக்கும் அந்தத் தாள்களைப் படமெடுத்து வைக்கும் வேலையைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தமிழ், வரலாற்று மாணவர்கள் சேர்ந்து தொடங்கலாம். ஆவணங்கள் கிடைக்கும் தோட்டங்களின் பட்டியலை எழுதுவதே முதல் வேலை.